வீட்டோடு மாப்பிள்ளையாக ஈசானுக்கு: தாய்லாந்து கிராமத்தில் வாழப் பழக முழுமையான வழிகாட்டி

தாய்லாந்தின் வடகிழக்கில் 20 மாகாணங்கள் சேர்ந்த பகுதிக்கு ஈசான் என்று பெயர். கொராட் பீடபூமி, அதில் ஓடும் மூன், சி ஆறுகள், எல்லையில் மேகோங், அக்கரையில் லாவோஸ். நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர். பாங்காக்கில் டாக்சி ஓட்டுபவரையோ பட்டாயா ஓட்டலில் பரிமாறுபவரையோ சொந்த ஊர் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஈசான் ஊர்ப் பெயர் ஒன்றுதான் பதிலாக வரும்.

வெளிநாட்டவர் அதிகமாகக் குடியேறும் தாய் கிராமங்களும் இங்கேதான் இருக்கின்றன. வியட்நாம் போர்க் காலத்தில் உடோன் தானி, உபோன் ராட்சதானி, நகோன் பனோம், கொராட் ஆகிய இடங்களில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்தன. கலப்பு மணங்கள் அப்போதே தொடங்கிவிட்டன. பிறகு சுற்றுலாவும், வெளியூர் வேலைக்குப் போன ஈசான் பெண்களும் அதை வளர்த்தார்கள். வெள்ளைக்கார மருமகனுக்கு ஊரில் ‘கோய் ஃபராங்’ என்று தனிப் பெயரே உண்டு. இந்தியர்களையும் மேற்கு ஆசியக்காரர்களையும் ‘கேக்’ என்பார்கள். பெரும்பாலும் அது பழக்கத்தில் வருவது, திட்டாக வருவதில்லை. காதில் விழுந்தால் சண்டைக்குப் போக வேண்டாம்.

போன முதல் மாதம் எல்லாம் இனிக்கும். ஆறாவது மாதத்தில், ‘இவர்களுக்கு என் பணம்தான் வேண்டும்’ என்ற புலம்பல் தொடங்கும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல நேரம் நடப்பது வேறு. ஈசான் கிராமத்தில் தனி ஆள் என்று யாரும் இல்லை. இந்த வீட்டுக்கு நீங்கள் என்ன முறை என்பதை வைத்துத்தான் உங்களை எங்கே உட்கார வைப்பது, எப்படிக் கூப்பிடுவது, என்ன எதிர்பார்ப்பது என்று எல்லாம் முடிவாகிறது. வந்தவருக்கு மட்டும் தன் முறை என்ன என்று தெரியாது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதைத் தெரிந்துகொள்வதற்கும், அதற்குள் உங்கள் எல்லையைப் போட்டுக்கொள்வதற்கும்தான்.

படி 1: முதலில் வாடகைக்கு இருங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை ஈசான் அழகாக இருக்கும். அறுவடை, காலைப் பனி, சில இரவுகளில் போர்வை தேடும் குளிர். அந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டு வீடு கட்ட முடிவெடுப்பவர்கள் உண்டு. ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அதற்கு முன்பே வயல் எரிப்பும் கரும்புத் தோட்ட எரிப்பும் சேர்ந்து புகை மூட்டம் வந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை மழை, கொசு, டெங்கு, பாம்பு.

அதனால் முதல் ஒரு வருடம் துணையின் கிராமத்திலேயே தங்காமல், பக்கத்து ஆம்பூர் நகரத்தில் வாடகை வீடு எடுங்கள். ஆம்பூர் என்பது நம் வட்டத் தலைநகரம் மாதிரி. மருத்துவமனை, வங்கி, சந்தை, அரசு அலுவலகம் எல்லாம் அங்கே இருக்கும். கிராமத்துக்கு வாரத்தில் சில நாள் போய் வந்தால் போதும். மாமியார் வீட்டில் பாயில் படுத்துக் கிடந்துகொண்டு தெளிவாக முடிவெடுக்க யாராலும் முடியாது.

சத்தத்துக்கும் பழக வேண்டும். காலை ஆறு மணிக்கே ஊர்த் தலைவரின் ஒலிபெருக்கி அலறும். குப்பை, தடுப்பூசி, கூட்டம், யாரோ தொலைத்த மாடு என்று எல்லாச் செய்தியும் அதில்தான் வரும். நாய்கள், சேவல்கள், விசேஷ வீடுகளில் விடிய விடிய மோலாம் பாட்டுக் கச்சேரி. புகார் சொல்ல ஆள் கிடைக்காது. ஊரே அந்தக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்.

படி 2: மொழி

முதலில் தாய்லாந்தின் பொது மொழியான ‘தாய்’ மொழியைப் படியுங்கள், உள்ளூர் மொழி அப்புறம். ஈசானில் பெரும்பாலான வீடுகளில் பேசுவது லாவோ மொழிக்கு மிக நெருங்கிய ஈசான் பேச்சு. தெற்கே சூரின், புரிராம், சிசாகெட் பக்கம் போனால் பல வீடுகளில் கெமர், சில ஊர்களில் குய். ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் தாய் மொழிதான் என்பதால் எல்லோருக்கும் அது தெரியும். துணையின் வீட்டில் எந்த மொழி என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். மாதக்கணக்கில் தாய் படித்துவிட்டு ஊருக்கு வந்து, சாப்பாட்டுப் பாயில் ஒரு வார்த்தை புரியாமல் விழிப்பவர்கள் நிறைய.

ஐந்து தொனிகள்தான் கஷ்டம். எழுத்து தமிழருக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. தாய் எழுத்து கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. ககர, சகர வரிசையில்தான் எழுத்துகள் போகும். ‘எ’, ‘ஓ’, ‘ஐ’ ஒலிகளின் குறிகளை மெய்க்கு முன்னால் எழுதுவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதில் தடுமாறுவார். ‘கெ’, ‘கை’ என்று எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாகவே வரும். எழுத்து தெரிந்தால் மருந்துச் சீட்டு, நிலப் பத்திரம், கடைக் கணக்கு எதற்கும் அடுத்தவர் வாயைப் பார்க்க வேண்டாம்.

படி 3: முறை வைத்துக் கூப்பிடுங்கள், பார்த்து உட்காருங்கள்

மூத்தவர் ‘பீ’, இளையவர் ‘நோங்’. பெற்றோரை விட மூத்த வயதுக்காரர் ஆணென்றால் ‘லுங்’, பெண்ணென்றால் ‘பா’. தாத்தா ‘தா’, பாட்டி ‘யாய்’ என்பது அம்மா வழிக்கு. அப்பா வழி என்றால் ‘பூ’, ‘யா’. பேரோடு இந்த முறைச்சொல் சேராமல் பெரியவர்களைக் கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. அதனால்தான் அறிமுகமான அரை நிமிடத்தில் வயதைக் கேட்பார்கள். உங்களை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விகளும் வரும். சம்பளத்துக்கு மட்டும் ‘போதும் அளவுக்கு’ என்று சிரித்துக்கொண்டே மழுப்பிவிடுங்கள். நீங்கள் சொல்லும் எண் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

வழியில் பார்ப்பவர்கள் ‘பை சாய்?’ என்பார்கள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். விலாவாரியான பதில் யாருக்கும் வேண்டாம். ‘சும்மா’ என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் போதும்.

கைகூப்பி வணங்கும் ‘வாய்’ சின்னவர் முதலில் செய்ய வேண்டியது. குழந்தைக்கும் கடைப் பையனுக்கும் நீங்கள் முந்திக்கொண்டு கைகூப்பினால் அவர்களுக்குச் சங்கடம். துறவிக்குக் கை நெற்றி வரை உயரும். வீட்டுக்குள் செருப்பு கூடாது. பாயில் உட்காரும்போது கால்களை ஒரு பக்கமாக மடக்கிக்கொள்ளுங்கள். பாதம் பெரியவர்களையோ புத்தர் சிலையையோ பார்த்து நீளக் கூடாது. முட்டி வலித்தால் ஒரு குட்டி ஸ்டூல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடக்கும்போது முதுகைக் கொஞ்சம் வளைத்துப் போவது அழகு. பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது, கையிலிருந்து நேராக எதையும் கொடுக்கவும் கூடாது.

அரச குடும்பத்தைப் பற்றி நக்கல் வேண்டவே வேண்டாம், போதையில்கூட. குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை.

படி 4: கல்யாணத்துக்கு முன் நான்கு கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் கேள்வி: அவர் எத்தனையாவது மகள்? ஈசான் மரபில் கல்யாணமான ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் கேலி செய்கிற அந்த நிலைதான் அங்கே சாதாரண வழக்கம். மூத்த மகள்கள் மெல்லப் பக்கத்தில் வீடு கட்டித் தனியாகப் போவார்கள். கடைசி மகள் பெற்றோருடன் தங்கி, கடைசி வரை பார்த்துக்கொண்டு, அந்த வீட்டைப் பெறுவாள். நீங்கள் கட்டப்போவது கடைசி மகளை என்றால் மாமனார் மாமியாரையும் சேர்த்தே கட்டுகிறீர்கள். ‘ஊரை விட்டு வேறெங்காவது போய் வாழலாம்’ என்று பிறகு கிளப்பினால் அது கணவன் மனைவி சண்டையோடு நிற்காது. ஒரு வீட்டின் முதுமை ஏற்பாட்டையே கலைப்பதாகிவிடும்.

இரண்டாவது: மாதம் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார்? பெற்றோர் செய்த நன்மைக்குப் பட்ட கடனை ‘பூன் குன்’ என்பார்கள். மகன் சில காலம் துறவியாகி, அந்தப் புண்ணியத்தைப் பெற்றோருக்குக் கொடுத்து ஒரு பங்கைத் தீர்க்கலாம். மகளுக்கு அந்த வழி இல்லை. அவள் உழைத்து, பணமாகவும் பராமரிப்பாகவும் தீர்க்கிறாள். உங்களைச் சந்திப்பதற்குப் பல வருடம் முன்பே அவள் அனுப்பத் தொடங்கியிருப்பாள், நீங்கள் வந்ததற்காக அது நிற்கப்போவதில்லை.

மூன்றாவது: முந்தைய உறவில் குழந்தை உண்டா, யாரிடம் வளர்கிறது? நகரத்தில் வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளைப் பாட்டி தாத்தா வளர்ப்பது ஈசானில் வெகு சாதாரணம். இதை மறைத்துவிட்டார்கள் என்று பொங்குபவர்கள் பெரும்பாலும் கேட்டே இருக்க மாட்டார்கள். குழந்தை இருந்தால் பள்ளிச் செலவும் உங்கள் கணக்கில் வரும். நாளடைவில் உங்களை ‘போ’, அப்பா, என்று கூப்பிடும்.

நான்காவது: கடன் எவ்வளவு, யார் பேரில்? விவசாயக் குடும்பங்கள் பலவும் 1966இல் தொடங்கிய அரசு விவசாய வங்கியில் கடன் வைத்திருக்கும். அங்கே ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் குழுக் கடனும் உண்டு. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் கட்டாத கடனும் உங்கள் மாமனார் தலையில் விழலாம். 2001 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 லட்சம் பாட் என்று அரசு கொடுத்த கிராம நிதியிலும் கடன் இருக்கலாம். வண்டித் தவணை, கந்துவட்டி தனி. காகிதத்தை வாங்கிப் பாருங்கள். வாய்க்கணக்கில் எல்லாமே ‘கொஞ்சம்தான்’.

படி 5: சின்சோடும் கல்யாணமும்

சின்சோட் என்பது பரிசப் பணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குக் கொடுப்பது. பெண்ணின் படிப்பு, வேலை, முன்பு கல்யாணம் ஆனவரா, குழந்தை உண்டா என்பதையெல்லாம் வைத்துத் தொகை மாறும். மறுமணத்தில் பலர் கேட்பதே இல்லை, கேட்டாலும் பெயருக்குத்தான். சபையில் தட்டில் பரப்பிக் காட்டிவிட்டு, கல்யாணம் முடிந்ததும் ஒரு பகுதியையோ முழுதையுமோ தம்பதிக்கே திருப்பித் தரும் வீடுகளும் உண்டு. அதனால் பேச வேண்டியவை இரண்டு: காட்டும் தொகை எவ்வளவு, வைத்துக்கொள்ளும் தொகை எவ்வளவு. நீங்களே நேரில் பேரம் பேசாதீர்கள். உங்கள் பக்கத்துக்கு வயதான, நல்ல பேர் உள்ள ஒருவரைப் பேச வையுங்கள். ஊர்த் தலைவரே வந்து பேசினாலும் சரி.

தங்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே தங்கத்தின் எடைக்கும் ‘பாட்’ என்றே பெயர். ஒரு பாட் தங்கம் சுமார் 15.2 கிராம், கிட்டத்தட்ட இரண்டு பவுன். ‘ஐந்து பாட் தங்கம்’ என்று காதில் விழுந்ததும் தலையாட்டிவிடாதீர்கள்.

கல்யாணத்தன்று ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வருவீர்கள். வாசலில் பெண்ணின் உறவுக்காரர்கள் சங்கிலியைக் குறுக்கே பிடித்து வெள்ளிக் கதவு, தங்கக் கதவு என்று நிறுத்துவார்கள். ஒவ்வொரு கதவுக்கும் கவர் கொடுத்தால்தான் வழி. சிறிய நோட்டுகள் போட்ட கவர்களை நிறையத் தயார் செய்துகொள்ளுங்கள். உள்ளே ‘பாய் சி சு குவான்’ சடங்கு நடக்கும். வாழையிலைக் கோபுரத்தைச் சுற்றி உட்கார்ந்து, பெரியவர்கள் வாழ்த்துச் சொல்லி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். அந்த நூலை மூன்று நாளாவது கழற்றக் கூடாது, வெட்டாமல் அவிழ்ப்பது நல்லது என்பார்கள்.

இதெல்லாம் முடிந்தாலும் சட்டப்படி நீங்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்தான். ஆம்பூர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கல்யாணம் ஆகாதவர் என்ற உறுதிமொழியை உங்கள் தூதரகத்தில் வாங்கி, தாய்லாந்து மொழிக்கு மாற்றி, தாய் வெளியுறவு அமைச்சகத்தில் சான்று பெற்றுக் கொண்டுபோக வேண்டும். 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் தம்பதிகளும் இதே அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

படி 6: மாதப் பணத்துக்கு ஓர் எண் வையுங்கள்

கேட்கும்போதெல்லாம் கொடுப்பதும் தவறு, கொடுக்கவே மாட்டேன் என்பதும் தவறு. தம்பதி இரண்டு பேரும் உட்கார்ந்து, பெற்றோருக்கு மாதம் இவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். அதைத் துணையே தன் கையால் கொடுக்கட்டும். பேரும் புண்ணியமும் அவருக்குச் சேரும், உங்களிடம் யாரும் நேரில் கேட்கும் நிலையும் வராது. மச்சான் நேரே வந்து மோட்டார் சைக்கிள் தவணைக்குக் கேட்டால், ‘வீட்டில் அவளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லலாம். பெண்கள் கையில் பணப்பெட்டி இருக்கும் ஊரில் இந்தப் பதிலை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மருத்துவச் செலவும் சாவுச் செலவும் இந்த எண்ணுக்கு வெளியே. அவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ‘கடன்’ என்று கேட்பவருக்குக் கொடுத்தால் திரும்பாது என்று நினைத்தே கொடுங்கள். திரும்பி வருவது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மீனாக, மாம்பழமாக, உங்கள் வேலியைச் சரிசெய்யும் இரண்டு நாள் உழைப்பாக வரும். அதைக் கணக்கில் சேர்க்காதவர்தான் ‘எல்லாரும் என்னை ஏமாற்றுகிறார்கள்’ என்று மதுக்கடையில் உட்கார்ந்து புலம்புவார்.

பகட்டும் வேண்டாம். வந்த முதல் வருடமே பெரிய பிக்கப் வண்டியும் மதில் வைத்த வீடுமாக இறங்கினால், ஊர் உங்களை அந்த அளவிலேயே எடை போடும். அடுத்த பத்து வருடமும் அந்த அளவுக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

படி 7: சாவு வீட்டுக்குப் போங்கள்

ஊரோடு சேர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. கல்யாணத்தில் நீங்கள் விருந்தாளி, சாவில் நீங்கள் ஊர்க்காரர்.

ஒருவர் இறந்தால் உடலைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள், ஐந்து நாள், சில வீடுகளில் ஒரு வாரம்கூட வைத்திருப்பார்கள். மாலையில் துறவிகள் வந்து ஓதுவார்கள். பகலெல்லாம் ஊர்ப் பெண்கள் சமைப்பார்கள், ஆண்கள் பந்தல் போடுவார்கள், நாற்காலி சுமப்பார்கள். இரவு விழித்திருக்கச் சீட்டாட்டமும் நடக்கும். நீங்கள் கறுப்பு அல்லது வெள்ளைச் சட்டையில் போய், கவரில் பணம் கொடுத்து, கொஞ்ச நேரம் நாற்காலி தூக்குங்கள். பேச்சே தேவையில்லை. எரியூட்டும் நாளில் சந்தனப் பூ என்று சொல்லும் சிறு காகிதப்பூவை எடுத்துப்போய்ச் சவப்பெட்டியருகே வைத்து வணங்க வேண்டும். முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்தால் சரியாகிவிடும்.

பணத்துக்கு மொய் நோட்டு உண்டு, பேரும் தொகையும் எழுதிக்கொள்வார்கள். கல்யாணம், துறவறச் சடங்கு, புதுமனை எல்லாவற்றுக்கும் அழைப்பிதழே கவரோடு வரும். அதே கவரில் பணம் வைத்துத் திருப்ப வேண்டும். எவ்வளவு என்பதைத் துணையிடம் கேளுங்கள். அந்த வீட்டார் உங்கள் வீட்டுக்கு முன்பு எவ்வளவு எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரியும். வெளிநாட்டவர் என்பதற்காகப் பத்து மடங்கு எழுதினால் மற்றவர்களுக்குத்தான் சங்கடம்.

பல ஊர்களில் சாவு உதவிச் சங்கமும் இருக்கிறது. உறுப்பினர் வீட்டில் ஒருவர் இறந்தால் மற்ற வீடுகள் குறிப்பிட்ட தொகை போட வேண்டும். உங்கள் வீடு அதில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேரச் சொல்லுங்கள்.

கோயில் பக்கம் ஈசானுக்கு மாதம் ஒன்று என்று பன்னிரண்டு மரபுச் சடங்குகள் உண்டு, ‘ஹீத் சிப் சோங்’ என்பார்கள். எல்லாவற்றிலும் கலந்துகொள்ள முடியாது. சோங்க்ரான் என்ற புத்தாண்டை மட்டும் விடாதீர்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை, பாங்காக்கில் வேலை செய்யும் மொத்தக் குடும்பமும் ஊர் திரும்பியிருக்கும். சுற்றுலாப் படங்களில் வரும் தண்ணீர்ச் சண்டை தெருவில் நடக்கட்டும். வீட்டுக்குள் மாமனார் மாமியாரின் கைகளில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவதுதான் உங்கள் வேலை. அந்த நாட்களில் வண்டியை மட்டும் எடுக்காதீர்கள். போதையில் ஓட்டுபவர்களால் சாலைச் சாவுகள் அந்த வாரத்தில்தான் குவியும். அந்த ஏழு நாளுக்கு ‘ஆபத்தான ஏழு நாள்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

ஊர் ஓரத்தில் வெட்டாமல் விட்ட ஒரு சின்னக் காடு இருந்தால், அது காவல் ஆவியான ‘பூ தா’வின் இடமாக இருக்கலாம். விறகு பொறுக்கவோ சிறுநீர் கழிக்கவோ அங்கே போகாதீர்கள்.

படி 8: சாப்பாடு

ஒட்டரிசியைக் கையால் உருட்டி, பொதுத் தட்டில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிட்டுப் பழகியவருக்கு இங்கே ஒரு கை முன்னிலை. பப்பாளிக்காய் சோம் தாம், இறைச்சி லாப் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ‘பிளா ரா’ என்ற நொதித்த மீன் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும்.

பச்சை மீனில் செய்யும் ‘கோய் பிளா’வை மட்டும் தொடாதீர்கள். ஆற்று மீன்களில் இருக்கும் ஓபிஸ்தோர்கிஸ் விவெரினி என்ற கல்லீரல் புழு பித்தநாளப் புற்றுநோய் தரும். உலகிலேயே அந்தப் புற்றுநோய் அதிகமாக உள்ள இடம் இந்த வடகிழக்குத் தாய்லாந்துதான். எலுமிச்சை, மிளகாய், சாராயம் எதுவும் அந்தப் புழுவைக் கொல்லாது, நன்றாக வேகவைத்தால்தான் சாகும். ‘டாக்டர் வேண்டாம் என்றார்’ என்று சொல்லுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கிராமம் கஷ்டம்தான். ‘கின் ஜே’ என்றால் இறைச்சியோடு பூண்டு, வெங்காயமும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனாலும் மீன் சாஸ் எப்படியாவது உள்ளே வந்துவிடும். சொந்த அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: கோபம் வந்தால்

கத்தாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், கத்திய நிமிடமே தோற்றுவிட்டீர்கள். அடுத்தவரைச் சங்கடப்படுத்தத் தயங்கும் குணம், ‘கிரெங் ஜாய்’, அங்கே ஆழமானது. அதனால் முடியாது என்பதை நேராகச் சொல்ல மாட்டார்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மூன்றாவது முறை சொன்னால் முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வரவில்லை, பக்கத்து வீட்டு மாடு தோட்டத்தில் மேய்கிறது என்றால் நேரில் போய் நிற்க வேண்டாம். துணையிடம் சொல்லுங்கள், அவர் ஓர் அத்தையிடம் சொல்வார், அத்தை எதிராளியின் வீட்டில் வெற்றிலைக்கு உட்கார்ந்தபோது சொல்வார். மெதுவான வழிதான், ஆனால் மாடு கட்டப்படும்.

துணை பேசாமல் முகம் திருப்பிக்கொண்டால் ‘என்னவென்று சொல்’ என்று அந்த இரவே துளைக்காதீர்கள். அடுத்த நாள் ஏதாவது சாப்பிட வாங்கி வந்து, வண்டியில் போகும்போது சாதாரணமாகக் கேளுங்கள்.

படி 10: காகிதங்கள்

தாய் மனைவி உள்ள வெளிநாட்டுக் கணவருக்கு ஓராண்டு விசா நீட்டிப்பு கிடைக்க, தாய் வங்கியில் அவர் பேரில் 4 லட்சம் பாட் இரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 50 வயது தாண்டியவருக்கான ஓய்வு விசா என்றால் 8 லட்சம் அல்லது மாதம் 65,000. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இது தவிர, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் டிஎம்30 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். கிராமத்தில் வீட்டுக்காரர் உங்கள் மாமியார். அவருக்கு அந்தப் படிவம் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் உங்கள் மாகாணக் குடிவரவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண விசாவுக்கு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பதும், பக்கத்து வீட்டில் விசாரிப்பதும் உண்டு. ஊர்த் தலைவர், ‘பூயாய்பான்’, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களும் வரும். சாவு வீட்டில் நாற்காலி தூக்கியது இங்கே பயன்படும்.

வேலை அனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யாதீர்கள். நெல் விவசாயம் 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி வெளிநாட்டவருக்கு மூடிய தொழில். மனைவியின் கடையில் கல்லாவில் உட்காருவதுகூட வம்புதான்.

அரசின் 30 பாட் மருத்துவத் திட்டம் உங்களுக்குக் கிடையாது, மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

படி 11: நிலமும் வீடும்

வெளிநாட்டவர் தன் பேரில் நிலம் வாங்க முடியாது, 1954ஆம் ஆண்டு நிலச் சட்டம் அப்படி. மனைவி பேரில் வாங்கும்போது, இந்தப் பணம் மனைவியின் தனிச் சொத்து என்று நில அலுவலகத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தோடு அந்த நிலத்தில் உங்கள் உரிமை போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்டே போடுங்கள்.

பத்திரத்தின் வகையைப் பாருங்கள். ‘சானோட்’ முழு உரிமைப் பத்திரம். ‘சோர் போர் கோர்’ என்பது நிலச் சீர்திருத்தத்தில் விவசாயிக்குக் கொடுத்த நிலம், வாரிசுக்குப் போகும், விற்கவோ வாங்கவோ முடியாது. ஈசானில் இந்த நிலம் நிறைய. மாமனார் காட்டும் அழகான வயலோர மனை இந்த வகையாக இருந்தால் அங்கே செங்கல் இறக்காதீர்கள்.

உங்கள் பாதுகாப்புக்குச் சில வழிகள் உண்டு. 30 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம், மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்தில் பதியலாம். நிலம் வேறு, மேலே உள்ள கட்டடம் வேறு என்று பிரித்துக் கட்டட உரிமையை உங்கள் பேரில் வைக்கலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கணவன் மனைவிக்குள், கல்யாணத்துக்குப் பிறகு செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சிவில் சட்டம் 1469ஆம் பிரிவின்படி இருவரில் ஒருவர் ரத்து செய்ய முடியும். அதனால் கல்யாணப் பதிவுக்கு முன்பே செய்யுங்கள், அல்லது நிலம் மாமியார் பேரில் இருக்கும்போது அவரோடு செய்யுங்கள். வக்கீலை நீங்களே தேடுங்கள், ஊர்க்காரர் கூட்டி வருபவர் வேண்டாம்.

வீட்டை மாமியார் முற்றத்திலேயே கட்டாமல், நடந்து போகும் தூரத்தில் தனி மனையில் கட்டினால் உறவு நீடிக்கும். அதே முற்றம் என்றால் உங்கள் வரவேற்பறை எல்லோருடைய வரவேற்பறை.

படி 12: பிரிந்தால், இறந்தால்

இதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று துணை முகம் சுளிப்பார். இருந்தாலும் ஒரு நாள் பேசிவிடுங்கள். இருவரும் சம்மதித்தால் ஆம்பூர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு விவாகரத்துப் பதியலாம், நீதிமன்றம் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்த சொத்து சரிபாதி, முன்பே இருந்தது அவரவருக்கு. கல்யாணத்தை வைத்து வாங்கிய விசா நீட்டிப்பும் அதோடு போய்விடும். துணை இறந்தாலும் அப்படித்தான், 50 வயதைத் தாண்டியவராக இருந்தால் ஓய்வு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். அவருடைய நிலம் வாரிசாக உங்களுக்கு வந்தாலும் வைத்துக்கொள்ள முடியாது, கொடுக்கும் அவகாசத்துக்குள் விற்றாக வேண்டும்.

இருவரும் தாய்லாந்து மொழியில் உயில் எழுதுங்கள், ஆம்பூர் அலுவலகத்திலேயே எழுதிப் பதியலாம். வீட்டில் யார் இருப்பது, குழந்தை யாரிடம், உங்கள் உடலை அங்கேயே எரிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகலைத் துணையின் மூத்த அக்காவிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் தூதரகத்தை விட முதலில் ஓடி வருபவர் அவர்தான்.